நான்கு டெனர்களும் மூன்று கச்சேரிகளும்: வேலூர்ப் பாடகர் சங்கம் ஒன்றின் அடுத்த பருவம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வேலூரில் சனிக்கிழமை மாலைதோறும் கூடும் ஒரு பாடகர் சங்கத்துக்கு நான் செயலாளர். மேற்கத்தியச் செவ்வியல் இசையின் நாற்குரல் படைப்புகளைப் பாடுவதற்கென்றே கூடும் சங்கம் இது, எந்த ஒரு சபையையும் சேர்ந்ததன்று, சி.எஸ்.ஐ. சபையாரும் கத்தோலிக்கரும் ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கிறார்கள், இந்துக்களும் சிலர் உண்டு. பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ; ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். குரலால் நான் டெனர். 2026 அக்டோபரில் தொடங்கி 2027 மார்ச்சில் முடியவிருக்கும் எங்கள் அடுத்த இசைப் பருவம் எந்தக் கணக்கில் வகுக்கப்பட்டது என்பதை எழுதிவைக்கும்படி சொன்னவர் எங்கள் இசை நடத்துநர். அவர் ஓய்வுபெற்ற பள்ளி இசை ஆசிரியை. எழுபது வயது பேஸ் பாடகர் முதல் முதலாண்டு நர்சிங் மாணவி வரை எல்லாருக்கும் அவர் ‘டீச்சர்’தான். “போன டிசம்பர்ல நடந்ததையும் மறைக்காம எழுதுங்க” என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற டிசம்பரில் பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டலின் ‘மெசியா’வின் முதற்பகுதியை, முழுக்குழுவும் பாடும் கோரஸ்களில் ஒன்றுகூட விடாமல் பாடுவதென்று துணிந்தோம். முதல் மூன்று கோரஸ்களையும் ஒருவாறு கடந்துவிட்டோம். நான்காவதான ‘ஃபார் அன்டு அஸ் எ சைல்டு இஸ் பார்ன்’ என்பதில் சோப்ரானோக்கள் எடுத்துக்கொடுக்கும் வரிக்கு டெனர்கள் பதில் பாட வேண்டும். டெனர் வரிசையில் நாங்கள் நால்வர். ஒருவர் மருத்துவமனை ஊழியர். இரண்டாவது கோரஸ் முடியும்போதே சட்டைப்பையில் கைப்பேசி அதிர, பக்கவாட்டுக் கதவு வழியாக அவர் போய்விட்டார். இன்னொருவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய இருவரில் ஒருவன் நான். பக்கத்தில் நிற்பவர் எடுப்பார் என்று நானும், நான் எடுப்பேன் என்று அவரும் டீச்சரின் இடக்கையைப் பார்த்தபடி நின்றோம். கை எங்களை நோக்கி இறங்கியது, ஒருவரும் எடுக்கவில்லை. கீபோர்டு வாசித்த பையன் சமயோசிதமாக எங்கள் வரியைத் தன் வலக்கைக்கு மாற்றிக்கொண்டு ஒப்பேற்றினான். ஆனால் எங்கள் குரலை அடையாளமாக வைத்து நுழையப் பழகியிருந்த ஆல்ட்டோக்கள், அது காதில் விழாததால் அரை பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்) முந்தி நுழைந்தார்கள். ‘ஒண்டர்ஃபுல்’ என்ற சொல்லில் எல்லாக் குரல்களும் ஒன்றுகூடும் வரை நான்கு திசையில் நான்கு குரல்களாகப் போய்க்கொண்டிருந்தோம். கேட்டவர்களில் பலருக்கு இது தெரிந்திராது, கச்சேரி முடிந்ததும் கைதட்டு குறைவின்றிக் கிடைத்தது. எங்கள் நாற்பத்து நான்கு பேருக்கும் தெரியும்.

ஜனவரியில் கூடிய கமிட்டியில், பயிற்சி போதவில்லை, ஆள் ஒழுங்காக வருவதில்லை என்ற வழக்கமான புகார்களே முதலில் எழுந்தன. டீச்சர் வருகைப் பதிவேட்டை மேசைமேல் விரித்துவைத்தார். சோப்ரானோ 17, ஆல்ட்டோ 14, டெனர் 4, பேஸ் 9. ‘இந்த நான்கை வைத்துக்கொண்டு அந்தப் படைப்பைத் தேர்ந்தெடுத்தது யார்?’ என்று அவர் கேட்டார். தேர்ந்தெடுத்தது நாங்கள் எல்லாரும்தான், அவரும் உட்பட. கிறிஸ்துமஸ் என்றால் ‘மெசியா’ என்ற பழக்கத்தில் கைதூக்கியிருந்தோம்.

டெனர் பஞ்சம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் தொழில்முறை சாராத பாடகர் குழுக்களின் தீராத குறை இது. பெரும்பாலான ஆண்களின் இயல்பான குரல் டெனருக்கும் பேஸுக்கும் நடுவில் பாரிட்டோனாக அமைகிறது. மேலே ஏறுவதற்குப் பயிற்சி வேண்டும், கீழே நின்றுகொள்வதற்கு அவ்வளவு வேண்டியதில்லை என்பதால் வருகிற ஆண்கள் பேஸ் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. சபையில் கீர்த்தனையும் பாமாலையும் பாடி வளரும் ஆண், பெண்கள் பாடும் அதே ராகத்தை ஒரு ஸ்தாயி கீழே பாடிப் பழகுகிறான். உள்ளே ஓடும் நடுக்குரல் ஒன்றை இருபக்கமும் வேறு வரிகள் ஒலிக்கத் தனித்துப் பிடித்து நிற்கும் வேலை அவனுக்குப் பாடகர் குழுவில் சேர்ந்த பிறகே வருகிறது. எனக்கு அது வந்தபோது வயது முப்பத்தொன்று.

இனி அந்தக் கோரஸ். ‘மெசியா’வை ஹாண்டல் 1741 ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 14 வரையான 24 நாள்களில் எழுதி முடித்தார் என்பது பலமுறை சொல்லப்பட்டது. அதற்குச் சற்று முன், அதே ஆண்டு ஜூலையில், இரண்டு தனிக்குரல்களுக்காக அவர் இத்தாலிய மொழியில் காதல் பாடல்கள் சில எழுதியிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எங்கள் கோரஸின் இசை அவற்றுள் ஒன்றிலிருந்து வந்தது. ‘இல்லை, கண்ணில்லாக் காதலே, உன்னை நம்ப மாட்டேன்’ என்ற பொருளில் தொடங்கும் பாட்டு அது. அந்த ‘இல்லை’க்கு விழுந்த அழுத்தம்தான் ஆங்கிலத்தில் ‘ஃபார்’ என்ற சாதாரணச் சொல்லின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதற்பகுதியில் உள்ள ஆறு கோரஸ்களில் மூன்று இவ்வாறு இருகுரல் பாடல்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை: இது ஒன்று, ‘அண்ட் ஹீ ஷல் ப்யூரிஃபை’ ஒன்று, பகுதியின் முடிவில் வரும் ‘ஹிஸ் யோக் இஸ் ஈஸி’ ஒன்று. ஒரே அசையைப் பிடித்துக்கொண்டு பார் பாராக ஓடும் விரைவு ஸ்வரங்கள் இம்மூன்றிலும் நிறைந்திருப்பதற்குக் காரணமும் அதுவே. தேர்ந்த பாடகர் இருவரின் தொண்டைக்குத் தைத்த சட்டையை நாற்பது பேர் சேர்ந்து மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். பிருகா உதிர்வதைப் போல இவற்றைக் குழைத்துவிடவும் முடியாது. ஒவ்வொரு ஸ்வரமும் அகார சாதகத்தில் வருவதைப் போலப் பிரிந்து கேட்க வேண்டும். எங்கள் பயிற்சிப் பதிவுகளைத் திரும்பக் கேட்டபோது, தடுமாறிய இடங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றிலேயே இருந்தன. முதல் கோரஸான ‘அண்ட் த க்ளோரி ஆஃப் த லார்ட்’ சுத்தமாகவே வந்திருந்தது.

இதன்பின் டீச்சர் செய்த காரியம் எளியது, ஆனால் நாங்கள் அதுவரை செய்யாதது. என்ன பாடுவது என்ற பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, நாட்காட்டியில் சனிக்கிழமைகளை எண்ணச் சொன்னார். ஜூலை 4இல் பயிற்சியைத் தொடங்கினால் அக்டோபர் 10ஆம் தேதிக் கச்சேரிக்கு முன் பதினான்கு சனிக்கிழமைகள் உள்ளன; சுதந்திர தினம் சனிக்கிழமையிலேயே வருகிறது, காந்தி ஜெயந்தியை ஒட்டிய அக்டோபர் 3 அன்று ஊருக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள், ஆகப் பன்னிரண்டு. டிசம்பர் 12 கச்சேரிக்கு அக்டோபர் 17இலிருந்து எட்டு. அவற்றில் ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்திய சனியும் தீபாவளிக்கு முதல்நாளான நவம்பர் 7ம் கழிந்தால் ஆறு, வடகிழக்குப் பருவமழை ஒன்றையாவது எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால் ஐந்து. அந்த ஐந்திலும் கடைசி இரண்டில் ஒவ்வொரு சபையிலும் கேரல் பயிற்சி தொடங்கிவிடும், எங்கள் ஆள்களில் பாதிப்பேர் அங்கே கொயர் மாஸ்டர்கள். மார்ச் 13 கச்சேரிக்கு ஜனவரி 9 முதல் ஒன்பது, பொங்கல் வாரம் போக எட்டு. மார்ச்சைத் தாண்டி ஏப்ரல், மே என்று தள்ளிவைக்கலாமே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், வேலூரில் ஒரு சித்திரை மாதம் இருந்து பார்க்கும்படி சொல்வதைத் தவிர வேறு பதில் இல்லை.

ஆகக் கனமான படைப்புக்கு அக்டோபர், இலகுவானதற்கு டிசம்பர் என்பது எண்ணியதும் தெரிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக இதைத் தலைகீழாகச் செய்துவந்திருக்கிறோம்.

அக்டோபருக்குத் தேர்வானது இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் லத்தீன் துதிப்பாடலான ‘க்ளோரியா’. டி மேஜரில் அமைந்தது, பன்னிரண்டு பகுதிகள், சுமார் அரைமணி நேரம். 1715 வாக்கில் வெனிஸ் நகரத்தில், ‘ஓஸ்பிடாலே தெல்லா பியெத்தா’ என்ற ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்காக எழுதப்பட்டதாகக் கருதப்படுவது; இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்து, 1920களில் கையெழுத்துப் படிகள் வெளிப்பட்டபின் 1939இல் சியேனா நகரில் மீண்டும் மேடையேறியது. தனிக்குரல் பகுதிகள் அனைத்தும் சோப்ரானோவுக்கும் ஆல்ட்டோவுக்குமே உரியவை. டெனருக்கோ பேஸுக்கோ ஒன்றுகூட இல்லை. எங்களைக் கவர்ந்தது அதைவிடவும் இன்னொரு செய்தி. அந்த இல்லத்தில் நாற்குரல் கோரஸின் டெனர் வரியையும், பெருமளவுக்குப் பேஸ் வரியையும்கூடப் பெண்களே பாடியதாக இசை வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமானது, 1947இல்தான் ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த முப்பதாண்டுகளில் இந்த ஊரிலும் ஏதோ ஒரு மாலையில் ஒரு தாழ்குரல் மாணவி டெனர் வரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள் என்பது என் ஊகம், சான்று எதுவும் என் கையில் இல்லை.

எங்கள் ஆல்ட்டோக்களில் தாழ்குரல் உள்ள ஐந்து பேரை டெனர் வரிக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. இதில் ஒரு வரம்பு உண்டு. டெனர் வரி நடு சி-க்குக் கீழே இறங்கும்போது, மூன்றாவது வெள்ளைக் கட்டையான ஜி வரை அவர்களுக்குச் சிரமமில்லை. கர்நாடக இசை பாடும் பெண்களில் பலர் ஐந்து கட்டையில் ஆதார ஷட்ஜம் வைத்துக்கொள்ளும் அதே ஜி. அதற்குக் கீழே சத்தம் காற்றாகிவிடுகிறது. ஆகவே ஜி-க்குக் கீழே போகும் இடங்களையெல்லாம் ஸ்கோர் என்னும் இசைப்பிரதியில் பென்சிலால் கட்டம் கட்டி, பேஸ் வரிசையின் மேல்குரல்காரர் மூவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் பேஸ் என்று நம்பிக்கொண்டிருந்த அந்த மூவரில் ஒருவர் உண்மையில் டெனர் என்பது இந்த வேலையில் வெளிப்பட்டது. அவர் மட்டும் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

வரி மாற்றியதும் வந்தது குறிமுறைச் சிக்கல். ஆல்ட்டோக்கள் படித்த கிளெஃப் (ஸ்வரங்களின் இடத்தைச் சொல்லும் தொடக்கக் குறி) வேறு, டெனருக்குரிய வாசிப்பு வேறு. ஐந்துகோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவர்களே எங்களில் பாதிப்பேர். கைகொடுத்தது பழைய சால்ஃபா. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா க்ளவர் என்ற ஆசிரியை வகுத்த முறையை ஜான் கர்வென் செப்பனிட்டுப் பரப்பினார். மிஷனரிகள் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். கோடுகளே கிடையாது. டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்துகளும், தாளத்தைப் பிரித்துக்காட்ட முக்காற்புள்ளியும் சிறு கோடுமே போதும். தட்டச்சு இயந்திரத்திலேயே ஒரு கோரஸை அடித்துவிடலாம். எந்தச் சுருதியில் பாடினாலும் அதன் ஆதாரம் ‘டோ’தான் என்பது இதன் உயிர்நாடி. ஷட்ஜத்தை எந்தக் கட்டையிலும் வைத்துக்கொள்ளப் பழகிய நம்மவர்களுக்கு இதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை. சிறுவயதில் சரளி வரிசை பாடிய இரண்டு பேர் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். வேலூருக்குப் படிக்கவும் வேலைபார்க்கவும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். மிசோரத்திலோ வெல்ஷ் மிஷனரிகள் காலத்திலிருந்து இன்றுவரை தேவாலயப் பாட்டு சால்ஃபாவில்தான் ஓடுகிறது. எங்கள் மிசோ நர்ஸ் ஒருவர், முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தை வாங்கிக் கையிலேயே தாளம் போட்டுக்கொண்டு முதல் தடவையிலேயே டெனர் வரியை முழுதும் பாடி முடித்துவிட்டு, “சரியா அங்கிள்?” என்று என்னைக் கேட்டார். பதினெட்டு ஆண்டுகளாக டெனர் பாடும் நான் அந்த வரியில் ஆறாவது பாரைத் தாண்டியிருக்கவில்லை.

உச்சரிப்புக்கும் இப்போதே நேரம் ஒதுக்கியிருக்கிறோம். லத்தீனை இத்தாலிய வழக்கப்படி பாடுவதென்று முடிவு. 1960களுக்கு முன் லத்தீன் பூசை கேட்டு வளர்ந்த கத்தோலிக்கப் பெரியவர் ஒருவர் இதில் எங்களுக்கு நடுவர். சிக்கல் லத்தீனைவிடத் தமிழில் இருக்கிறது. நம் நாக்கு வல்லின ஒற்றில் சொல்லை முடிக்க விரும்புவதில்லை. குற்றியலுகரம் ஒன்றைக் கூட்டிக்கொண்டுதான் வாய் மூடும். ‘எத் இன் தெர்ரா பாக்ஸ்’ என்பது ‘எத்து இன் தெர்ரா பாக்சு’ என்று வருகிறது. ஒருவர் பாடினால் காதில் விழாது. நாற்பது பேர் ஆளுக்கொரு நேரத்தில் அந்த ‘சு’வைப் போட்டால் மணல்மூட்டை கிழிந்ததுபோல் இருக்கும். தலைப்புச்சொல்லையே ‘குளோரியா’ என்று நான்கு அசையாக்கிவிடுகிறார்கள். கடைசி ஒற்றைப் பாடும் பொறுப்பை வரிசைக்கு இரண்டு பேரிடம் மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் உயிரெழுத்தோடு நின்றுவிடுவது என்று டீச்சர் ஏற்பாடு செய்திருக்கிறார். இலக்கணப்படி பிழைதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

இந்தப் படைப்புக்குத் தந்தி வாத்தியங்களோடு ஓபோ என்ற குழல்வாத்தியம் ஒன்றும் ஒரு ட்ரம்பெட்டும் வேண்டும். ஓபோவுக்குச் சென்னையைத்தான் நம்பியிருக்கிறோம். ட்ரம்பெட்டுக்குக் கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கும் இளைஞர் ஒருவர் கிடைத்தார். சென்ற மாதச் சோதனைப் பயிற்சிக்கு, சத்துவாச்சாரியில் மாப்பிள்ளை அழைப்பு ஒன்றை முடித்துவிட்டு, பொன்சரிகை வைத்த சிவப்புக் கோட்டோடு அப்படியே வந்து நின்றார். அவருடையது பி ஃப்ளாட் ட்ரம்பெட் என்பதால், டி மேஜர் என்று எழுதியதை அவர் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி, நான்கு ஷார்ப் உள்ள ஈ மேஜரில் விரல்பிடிக்க வேண்டும். அவரோ நொட்டேஷனே பாராதவர். டீச்சர் முதற்பகுதியைப் பாடிக் காட்டினார், இளைஞர் இரண்டு தடவை கேட்டார், மூன்றாவது தடவை ஒரு ஸ்தாயி தாண்டும் தாவல்கள் உட்பட முழுதாக வாசித்துவிட்டார். பிறகு ஊதுகுழாயைத் துடைத்துக்கொண்டே, “சார், இதுல மூச்சு வுட எடமே வெக்கலையே” என்றார். பேண்டில் ஒரு பாட்டை நீட்டுவதும் நிறுத்துவதும் ஊர்வலத்தின் வேகத்தைப் பொறுத்தது. இங்கே பாடுகிறவர்களுக்காகக்கூட நிற்க முடியாது என்பது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். மூச்சுக்கான இடங்களை அவரும் டீச்சருமாக உட்கார்ந்து குறித்துவருகிறார்கள். முகூர்த்த நாள் குறுக்கிடாத சனிக்கிழமையாகப் பார்த்து அக்டோபர் 10ஐ உறுதிசெய்ததும் அவருக்காகவே.

டிசம்பர் கச்சேரி ‘மெசியா’தான், ஆனால் முதற்பகுதி முழுவதும் இல்லை. இருகுரல் பாட்டிலிருந்து வந்த மூன்று கோரஸ்களையும் நீக்கிவிட்டு, மற்ற மூன்றையும் அவற்றை இணைக்கும் தனிக்குரல்களையும், நிறைவாக இரண்டாம் பகுதியின் ‘அல்லேலூயா’வையும் பாடுவது என்பது டீச்சரின் முதல் திட்டம். கமிட்டி கொந்தளித்துவிட்டது. பாலகன் பிறந்தார் என்ற பாட்டு இல்லாமல் கிறிஸ்துமஸ் கச்சேரியா என்று சோப்ரானோ அக்காமார் ஒருமுகமாக எழுந்து நின்றார்கள், நியாயமான கோபம்தான். இரண்டு வாரம் கழித்து டீச்சர் வேறொரு யோசனையோடு வந்தார். அந்தக் கோரஸின் ஓட்ட வரிகளை வரிசைக்கு ஒருவராக நான்கு பேர் மட்டும் பாடுவார்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் சேர்ந்து முழங்கும் ‘ஒண்டர்ஃபுல், கவுன்சலர்’ என்ற இடத்தில் முழுக்குழுவும் நுழையும். பிறந்தபோது சிறுகுரல் பாட்டாக இருந்ததைத் திரும்பவும் சிறுகுரலிடமே கொடுத்துவிடுவதால் இசைக்குக் கேடில்லை என்பது அவர் வாதம். பயிற்சி நேரத்தில் பாதி மிச்சமாகிறது, முழுக்குழு நுழையும் இடமோ முன்னைவிட ஓங்கி ஒலிக்கிறது. நால்வரில் டெனராகத் தேர்வானவர் நான் இல்லை. அவர் இரவுப் பணிக்காரரும் இல்லை.

1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் ‘மெசியா’ முதன்முதலாக அரங்கேறியபோது கோரஸ் பாடியவர்கள் இரண்டு பேராலயங்களின் ஆண்களும் சிறுவர்களுமாக முப்பத்திரண்டு பேர் அளவிலேயே இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கானோர் மேடைநிறைய நின்று பாடும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுவிட்டு, எங்கள் எண்ணிக்கையைக் குறையென்று நினைத்துக்கொண்டிருந்தோம். 1893 முதல் இயங்கிவரும் சென்னைப் பாடகர் சங்கமான மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனோடு எங்களை ஒப்பிட்டு வருந்தும் பழக்கமும் சிலருக்கு உண்டு.

மார்ச் கச்சேரியைப் பற்றிய விவாதமே நீண்டது. 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. ஆகவே மார்ச் 13 தபசு காலத்தின், அதாவது ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாள்களின், நடுவில் விழுகிறது. பலரும் கேட்டது பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ‘ரெக்வியம்’, இறந்தோருக்கான பூசை இசை. மெதுவானது, மென்மையானது, ஆகவே எளிதென்று பெயர் வாங்கியது. டீச்சர் ஸ்கோரைத் திறந்து இரண்டு இடங்களைக் காட்டினார். தொடக்கப் பகுதியின் நீண்ட ராகத்தைத் தனியே எடுத்துச்செல்பவர்கள் டெனர்கள். ‘ஆக்னுஸ் தேயி’ பகுதியைத் தொடங்குபவர்களும் டெனர்கள், சுற்றிலும் வேறு குரலே இல்லாமல். போன டிசம்பரின் மௌனத்தை லத்தீனில் திரும்பச் செய்து காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான படைப்பு கிடையாது. தவிரவும் மார்ச் மாதத்தில் எங்களுக்கு ஆண்களே இல்லை. பேஸ் வரிசையில் ஐந்து பேர் வங்கியிலும் கணக்கு அலுவலகத்திலும் வேலைபார்ப்பவர்கள்; ஆண்டுக் கணக்கு முடிப்பு நடக்கும் மாதத்தில் இரவு ஒன்பதுக்கு முன் அவர்கள் வீடு திரும்புவதில்லை. பிளஸ் டூ தேர்வு எழுதும் பிள்ளைகளின் தகப்பன்மார் வேறு.

ஆண் குரலே வேண்டாத ஒன்றாக டீச்சர் முன்வைத்தது பெர்கொலேசியின் ‘ஸ்தாபாத் மாத்தெர்’. இருபத்தாறே வயதில் காசநோய்க்குப் பலியான அந்த நேப்பிள்ஸ் இசையமைப்பாளர் 1736இல் தம் கடைசி வாரங்களில் எழுதி முடித்தது; சோப்ரானோ, ஆல்ட்டோ, தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான்; சுமார் நாற்பது நிமிடம். தனிக்குரல்களுக்கு எழுதியதேயானாலும் சில பகுதிகளைப் பெண்கள் குழு பாடுவது பழக்கத்தில் உள்ளது. இசையைப் பற்றி ஆட்சேபம் எழவில்லை. பொருளைப் பற்றி எழுந்தது. சிலுவையடியில் நின்ற மரியாளின் துயரத்தைப் பாடி, அவளிடமே வேண்டுதல் வைக்கும் இடைக்கால லத்தீன் செய்யுள் அது. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுந்து, தாம் ஞானஸ்நானம் பெற்ற சபையில் மாதாவை நோக்கி ஜெபிப்பதில்லையென்றும், இசை என்ற பெயரில் வாய் சொல்வதை மனம் மறுத்துக்கொண்டு நிற்கத் தம்மால் ஆகாதென்றும் அமைதியாகச் சொன்னார். யாரையும் புண்படுத்தும் குரலில் அவர் பேசவில்லை என்பதால் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

டீச்சர் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒன்று, இதே தயக்கம் லூத்தரன் சபையைச் சேர்ந்த ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் முன்னும் இருந்திருக்க வேண்டும். 1740களில் அவர் இதே பெர்கொலேசி இசையை எடுத்து, மரியாளைப் பற்றிய லத்தீன் சொற்களை நீக்கிவிட்டு, பைபிளிலுள்ள 51ஆம் சங்கீதத்தின் ஜெர்மன் செய்யுள் வடிவத்தை அதற்குப் பொருத்தினார். ஐயாவுக்கு விருப்பமென்றால் அந்த வடிவத்தையே பாடலாம். மற்றொன்று, வியாகுல மாதாவின் புலம்பல் தமிழுக்கு அயலான பொருளன்று. வீரமாமுனிவர் அதைப் பற்றி ஓர் அந்தாதியே பாடியிருக்கிறார், தபசு காலத்துச் சிலுவைப் பாதையில் இன்றும் அந்தத் துயரம் தமிழில் பாடப்படுகிறது. தலைமையாசிரியர் ஒருவாரம் அவகாசம் கேட்டார். திரும்பி வந்து, பாக்கின் வடிவத்தைத் தாம் கேட்டதாகவும், சங்கீதம் தமக்கு உவப்பே என்றாலும் அந்த இசை ஒரு தாயை நினைத்தே எழுதப்பட்டது என்பது காதுக்குத் தெரிகிறதென்றும், மூலத்தையே பாடுங்கள், தாம் கேட்க வந்து உட்காருவதாகவும் சொன்னார். ஆல்ட்டோக்களில் இருவர் இந்தக் கச்சேரியில் பாடுவதில்லையென்று ஒதுங்கிக்கொண்டார்கள், அது மதிக்கப்பட்டது. ஜெர்மன் உச்சரிப்பு என்ற இன்னொரு மலையில் ஏற நேராமல் போனதில் எனக்கு உள்ளூர நிம்மதி.

இடம் இதற்கேற்பவே அமைந்தது. மார்ச் கச்சேரி ஒரு கத்தோலிக்கக் கோயிலில். உள்ளே நின்று ஒருமுறை கைதட்டினால் சத்தம் அடங்குவதற்குள் நிதானமாக மூன்று எண்ணிவிடலாம். மெதுவான இசைக்கு அது வரம், ஓட்ட வரிகளுக்குச் சாபம். டிசம்பர் கச்சேரி மர உத்தரக் கூரை போட்ட தாழ்வான ஒரு சபையில், அங்கே சத்தம் உடனே நின்றுவிடும். மின்விசிறிகள்தான் அங்கே தொல்லை. நிறுத்தினால் கேட்பவர்கள் வேர்த்து நெளிவார்கள், ஓடவிட்டால் கறுப்பு ஃபோல்டர்களில் தாள்கள் பறக்கும். ஆளுக்கு நான்கு துணி கிளிப் என்று கணக்குப்போட்டு, நீலமும் சிவப்புமாக விற்றவற்றை வாங்கிக் கறுப்புச் சாயம் அடிக்கக் கொடுத்திருக்கிறோம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்னையிலிருந்து தந்தி வாத்தியக்காரர்கள் ஆறு பேர், காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடி வந்து இறங்குவார்கள்; பகலில் ஒரே ஒத்திகை, மாலையில் கச்சேரி, இரவு வண்டியில் திரும்புவார்கள். டிக்கெட் வைப்பதா, காணிக்கைப் பையா என்ற கேள்விக்கு, டப்ளினின் முதல் நிகழ்ச்சி கடனுக்காகச் சிறைப்பட்டோருக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் நடத்தப்பட்டதென்றும் அதில் 142 கடனாளிகள் விடுதலையானார்கள் என்றும் பொருளாளர் படித்துக்காட்டினார். அதன்பின் டிக்கெட் கட்சி எழவில்லை. செலவு போக மிஞ்சுவது, நோயாளிகளுக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்து தெருவோர விடுதிகளில் தங்கியிருப்பவர்களின் சாப்பாட்டுக்கு.

இதை எழுதும் வரை முடிவாகாதவை சில உள்ளன. பெர்கொலேசியின் தனிக்குரல் ஆல்ட்டோ இன்னும் கிடைக்கவில்லை. ஓபோக்காரர் அக்டோபர் 10க்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், எழுதித் தரவில்லை. டிசம்பர் மாத இரவுப் பணி அட்டவணை நவம்பர் கடைசியில்தான் வெளிவரும் என்பதால், டெனர் வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டு, அதில் அந்த மிசோ நர்ஸை ஆல்ட்டோ, டெனர் இரண்டு வரிகளின் பிரதிகளோடும் உட்காரவைப்பது என்று தீர்மானமாகியிருக்கிறது. அவருக்கு அன்று பணி விழுந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். “அப்ப நீங்க எடுங்க” என்றார் டீச்சர்.